என் பக்கத்து பிரேக்

செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குப் புது வண்டி பார்க்கப் போகிறேன். நாற்பத்தொன்பது வயதில், பதினான்கு வருடம் ஊராருக்கு எல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிறகு, இதுவரை யாரும் உட்காராத ஓர் இருக்கையில் முதல் ஆளாக உட்காரப் போகிறேன். பல் தேய்க்கும்போதே சிரித்துக்கொண்டிருந்தேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அவர் மட்டும் என்ன யோக்கியம்? ஷோரூம்காரர்கள் கொடுத்த விளம்பரத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, சிவப்பு வண்டியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார்.

என் ஓட்டுநர் பள்ளி மிகப் பெரியது. ஒரே ஒரு ஆசிரியை, ஒரே ஒரு வண்டி. ஆசிரியை நான். வண்டியின் பெயர் பெரியம்மா. கிளம்பும்போது ஒரு முனகல், நிற்கும்போது ஒரு பெருமூச்சு, நடுவில் யார் என்ன செய்தாலும் ஒரு குறை. முதல் வருடத்து மாணவர் ஒருவர் வைத்த பெயர் அது, அப்படியே நிலைத்துவிட்டது.

பெரியம்மாவிடம் மற்ற கார்களில் இல்லாத ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் பக்கம் இருக்கிற பிரேக்கும் கிளட்சும் போதாதென்று, பக்கத்து இருக்கையில் உட்காரும் எனக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். என் தம்பி பொருத்திக் கொடுத்தது. அவன் மெக்கானிக். மாணவர் தடுமாறினால் நான் மிதித்து வண்டியை நிறுத்திவிடலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை மறைக்கவும் தெரியாது. ஆனால் என் காலைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. கண் பார்ப்பதற்குள் கால் மிதித்துவிடும். நானூறு பேருக்கு மேல் கற்றுக்கொடுத்திருக்கிறேன், பெரியம்மாவின் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் வண்டிக்கு வயதாகிவிட்டது. மூன்று மாதமாகக் கிளட்ச் வழுக்கியது. மேட்டில் ஏறினால் கருகிய வாடை. ஒரு பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்காமலிருக்க அட்டையை மடித்துச் செருகியிருந்தேன். தம்பி ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தான். அதைக் கையில் வாங்கியபோது, இது வண்டியைப் பற்றி எழுதினதா, மருத்துவமனையில் படுத்திருக்கும் ஆளைப் பற்றி எழுதினதா என்று கேட்டேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஷோரூமில் அந்தச் சலுகை வந்தது. பழைய வண்டியைக் கொடுத்தால் அதன் மதிப்பைப் போல இரண்டு மடங்கைப் புது வண்டி விலையில் கழித்துக்கொள்வார்களாம். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். ஆறு அடித்தால் சலுகை போச்சு.

ஷோரூமில் வண்டியை மதிப்பிட ஒரு பையன்முகக்காரர் வந்தார். பெரியம்மாவை அவரே ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நான் வழக்கம்போலப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன். முதல் திருப்பத்தில் வண்டி நின்றது. இரண்டாவது திருப்பத்திலும் நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது அவர் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"மேடம், வண்டிய நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?"

"நீங்கதான் ஓட்டுறீங்க. நான் காப்பாத்திக்கிட்டு வர்றேன்."

அவர் சிரிக்கவில்லை. மீதித் தூரம் முழுவதும் என் இரண்டு காலையும் இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அடுத்து சிவப்பு வண்டி. ஐயோ, அந்தக் கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும். பெரியம்மாவின் கதவை இடுப்பால் ஒரு இடி இடித்தால்தான் சாத்தும். இது சுண்டுவிரலுக்கே சாத்திக்கொண்டது. வளாகத்துக்கு வெளியே வரைக்கும் விற்பனைக்காரர் ஓட்டினார். எதிரில் ஒரு சைக்கிள் வந்தது. என் கால் தானாகப் போய் வெறும் தரையை ஓங்கி மிதித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கால் மரத்துப் போச்சு என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு சாவி என் கைக்கு வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு தெரு சுற்றி வந்தேன். ஐந்தாவதும் போயிருப்பேன், அவர் மணி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். என் பக்கத்து பெடல்களைக் கழற்றிவிட்டு, சாதாரணக் காராகத்தான் பெரியம்மாவைக் கொண்டுவர வேண்டும். இரண்டு போல்ட் சமாசாரம், என் தம்பி பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவான் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். சிவப்பு கிடைக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அன்று பிற்பகல் வகுப்புக்குச் சிஸ்டர் வந்தார். அவர் நர்ஸ். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தெட்டு வருடம் வார்டில் நின்று நின்று இரண்டு காலிலும் நரம்பு முடிச்சுப் போட்டிருக்கிறது. இன்னும் ஒரு வருடம் இப்படி நின்றால் நடக்கவே சிரமம் என்று அவர் மருத்துவமனை டாக்டரே சொல்லிவிட்டார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று அங்கே காலியாக இருந்தது. நாள் முழுக்க நிற்க வேண்டாம். ஆனால் அந்த வேலைக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் கட்டாயம். சனிக்கிழமை மதியத்துக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவருடைய தேர்வு வெள்ளிக்கிழமை காலை. ஐந்தாவது தேர்வு. நான்கு தடவையும் தோற்றிருந்தார்.

நான்கு தடவையும் ஒரே மாதிரிதான். தேர்வில் என் இடத்தில் தேர்வு அதிகாரி உட்காருவார். எங்கேயாவது ஓரிடத்தில் அவர் பக்கத்து பிரேக்கை அவர் மிதிக்க வேண்டி வரும். அதிகாரி மிதித்தால் தேர்வு அதோடு முடிந்தது. என்னோடு ஓட்டும்போது இதே சிஸ்டர் வண்டியைக் கோடு போட்ட மாதிரி நிறுத்துவார். பயம்தான் காரணம், அந்த ஆளின் முகத்தைப் பார்க்காதீர்கள் என்று நான்கு தடவையும் அறிவுரை சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை வண்டி போய்விடும் என்று சொன்னதும் சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஓட்டுநர் பள்ளியின் வண்டியை ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னேன்.

"நாலு தடவையும் பெரியம்மாதான் டீச்சர்" என்றார் மெதுவாக. "பழகின வண்டியிலயே முடியல. தெரியாத வண்டியில எப்படி ஓட்டுவேன்?"

வண்டியில் ஒன்றுமில்லை, எல்லாம் மனதில்தான் இருக்கிறது என்று பெரிய மனுஷி மாதிரி பதில் சொன்னேன். உள்ளுக்குள் உறுத்தாமல் இல்லை. ஆனால் சிவப்பு வண்டியின் கதவுச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சத்தத்தில் உறுத்தல் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை தம்பியின் பட்டறைக்குப் போனேன். பெடலைக் கழற்றச் சொன்னபோது அவனுக்கு லேசான வருத்தம், அவன் கையால் பொருத்தினது இல்லையா. குனிந்து உள்ளே போனான். பத்து நிமிடம் என்று நான் வாக்குக் கொடுத்தது எட்டு நிமிடத்தில் முடிந்தது. பெடல்களைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன் அவற்றைத் துடைத்தான். பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டு, பிரேக் பெடலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.

"அக்கா, இங்க வா. இதைப் பாரு."

பெடல் மேல் போட்டிருந்த ரப்பர் நடுவில் தேய்ந்து, உள்ளே இருக்கிற இரும்பு பளபளவென்று தெரிந்தது. பழசு, தேயத்தானே செய்யும் என்றேன். அவன் என் கையைப் பிடித்து ஓட்டுநர் பக்கம் இழுத்துக்கொண்டு போய், குனியச் சொல்லி, டார்ச் அடித்துக் காட்டினான். அங்கே இருந்த பிரேக் ரப்பரில் வரிகள் அச்சுக் கலையாமல் அப்படியே இருந்தன.

"இந்தப் பக்கம் கம்பெனியில இருந்து வந்த ரப்பர், இது வரைக்கும் மாத்தல. உன் பக்கம் ரெண்டு தடவை மாத்தியிருக்கேன். இது மூணாவது. நானூறு பேரு ஓட்டின வண்டின்னு சொல்லுவியே. நானூறு பேரு எங்க ஓட்டினாங்க? நீதான் ஓட்டியிருக்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆபத்து வந்தால் மிதிக்காமல் வேடிக்கை பார்க்கச் சொல்கிறாயா, உனக்கு ஸ்பேனரைத் தவிர என்ன தெரியும் என்று கத்தினேன்.  என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நான் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து, ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த நர்ஸம்மா உன்கூட ஓட்டும்போது, மருந்துக் கடை முக்குல வண்டிய யாரு நிறுத்துறது?"

அவர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.  மருந்துக் கடை முக்கு என் கண் முன்னால் வந்து நின்றது. முக்கு வருவதற்கு முன்பே என் வலது கால் முன்னே நகர்வது, பாதத்தின் நடுவில் அந்த இரும்பு படுவது, வண்டி நிற்பது. இரண்டு பெடலையும் ஒரே கம்பி இணைக்கிறது. நான் மிதித்தால் அவர் பாதத்துக்குக் கீழேயும் பெடல் இறங்கும். தானே மிதித்ததாகத்தான் அவருக்குத் தோன்றும். அது மட்டுமா? ஒவ்வொரு தடவையும் நான் அவரிடம், "அழகா நிறுத்தினீங்க சிஸ்டர்" என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

பட்டறையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும். நானூறு பேரில் தேறியவர்கள் எல்லாம் வீட்டில் அப்பாவோடோ அண்ணனோடோ தனியாக ஓட்டிப் பழகியவர்களாக இருக்க வேண்டும். சிஸ்டர் வீட்டில் வண்டியும் இல்லை, ஓட்டத் தெரிந்த ஆளும் இல்லை. அவருக்கு இருந்தது நானும் என் காலும்தான். அந்தக் கால்தான் அவரை நான்கு தடவை தோற்கடித்திருக்கிறது.

கிளட்ச் போனதுக்கும் அதுதான் காரணம் என்றான் தம்பி. அவர்கள் பாதி விடுவதற்குள் நான் பாதி மிதித்தால் எந்தத் தகடு தாங்கும்? வண்டிக்கு அவ்வளவு வயதாகவில்லையாம். நான்தான் அதை ஆடி ஓய வைத்திருக்கிறேனாம். வேறு நாளாக இருந்தால் ஸ்பேனரை எடுத்து அவன் மேல் எறிந்திருப்பேன். அன்றைக்கு எழுந்து, இரண்டு பெடல்களையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணி. தேர்வுக்கு ஒன்றே முக்கால் நாள் இருந்தது. கோபமும் வெட்கமும் போன இடத்தில் ஒரு வேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றே முக்கால் நாளில் ஒருவருக்குப் பிரேக் மிதிக்கக் கற்றுக்கொடுக்க முடியாதா என்ன?

சிஸ்டரின் வேலை முடிந்ததும், மூடிக்கிடந்த கிடங்குக்குப் பின்னால் இருக்கும் வெற்று மைதானத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியை நிறுத்திவிட்டு, பையிலிருந்து பெடல்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ந்த ரப்பரைக் காட்டினேன்.

"நாலு தடவ உங்கள ஃபெயிலாக்கினது பயம் இல்ல சிஸ்டர். நான்தான்."

அவர் பெடலை வாங்கிக் கட்டைவிரலால் அந்த இரும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்தார். மைதானத்தின் பாதி வரை நடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தேன். போயிருந்தால் நியாயம்தான். ஆனால் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. கதவைச் சாத்திக்கொண்டு, இடுப்புப் பட்டையை மாட்டினார்.

"ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதிருக்கேன் டீச்சர். எனக்கு மூளையே இல்லைன்னு நினைச்சிருந்தேன்."  "ஊசி போடக் கத்துக்கிட்டப்ப எங்க சீனியர் என் கையை விடவே மாட்டாங்க. அவங்க லீவு போட்ட அன்னைக்குத்தான் நான் கத்துக்கிட்டேன். சரி, உங்க கைய மடியில வைங்க. கால மடக்குங்க."

நோயாளியிடம் பேசும் அதே குரல். நான் கையை மடியில் வைத்தேன், காலை மடக்கினேன்.

முதல் தடவை, நான் நட்டு வைத்த காலி எண்ணெய் டப்பாவை நோக்கிப் போனார். நிறுத்துவார் என்று காத்திருந்தேன். அவரும் வண்டி நிற்கும் என்று காத்திருந்தார். டப்பா பறந்தது. இறங்கிப் பார்த்தேன். பெரியம்மாவின் முகத்தில், பதினான்கு வருடத்தில் முதல் கீறல். சிஸ்டர் பதறிப்போனார். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நானூறு பேரைக் காப்பாற்றிய பெருமை ஒரு டப்பாவோடு போய்விட்டது. டப்பாவை நிமிர்த்தி வைத்துவிட்டு, மறுபடியும் என்றேன்.

பத்தாவது தடவை டப்பாவுக்கு ஓரடி தள்ளி நின்றது. பதினைந்தாவது தடவை ஒரு முழம். இருபதாவது தடவை, நான் சொல்லாமலே, டப்பாவுக்கு முன்னால் தரையில் நான் கிழித்த கோட்டில் போய் நின்றார். என் தொடையோ இரும்பாக இறுகிப் போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் என் கால் முன்னே போகத் துடித்தது, ஒவ்வொரு தடவையும் அதை இருக்கைக்கு அடியில் பிடித்து வைத்தேன். அன்றைக்கு அவர் பிரேக் மிதிக்கக் கற்றுக்கொண்டார் என்றால், நான் மிதிக்காமலிருக்கக் கற்றுக்கொண்டேன். இரண்டில் எது கஷ்டம் என்று என்னைக் கேட்டால் தெரியும்.

வியாழக்கிழமை சிஸ்டர் விடுப்புப் போட்டுவிட்டார். காலையில் மைதானம், மதியம் ஆள் நடமாட்டமில்லாத தெருக்கள். மருந்துக் கடை முக்குக்குப் போனபோது இரண்டு கையாலும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிறுத்தினார். தானாக நிறுத்தினார். கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு நான் கை தட்டினேன்.

மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் திரும்பவும் நின்றிருந்தோம். வண்டியைப் பின்னால் எடுத்து, இரண்டு வரிசைக் கம்புகளுக்கு நடுவில் விட்ட சந்துக்குள் நுழைக்கும் பாடம் மட்டும் பாக்கி. என் போன் அடித்தது. ஷோரூம் விற்பனைக்காரர். சிவப்பு வண்டியைக் கழுவித் தயாராக நிறுத்தியிருக்கிறார்களாம். ஆறு மணிக்குள் வந்துவிடுவேனா? அங்கிருந்து ஷோரூம் இருபது நிமிடத் தூரம். அப்போதே கிளம்பினால் போய்ச் சேர்ந்திருக்கலாம். சிஸ்டர் நான் பேசுவதைக் கேட்கவில்லை. தலையைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாக அந்தக் கம்புகளைப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்லக் கிளட்சை விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வர முடியாது" என்றேன்.

நாளைக்கு இந்தச் சலுகை இருக்காது, அந்த நிறத்துக்கு வேறொருவர் காத்திருக்கிறார் என்றார் அவர்.

"அவருக்கே குடுத்துடுங்க."

போனை வைத்த பிறகும் அந்தக் கதவுச் சத்தம் காதில் கேட்டது. ஆசைப்பட்டேன் இல்லையா. வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, உடனே அழைத்துச் சொல்லிவிட்டேன்.  "சரி விடு, பால் எடுக்கும்போது வேற எதையாவது பார்த்துக்கிறேன்" என்றார். இந்த மனுஷனை இருபத்துநான்கு வருடத்துக்கு முன்பு கட்டிக்கொண்டது எவ்வளவு சரி என்று எனக்கு அவ்வப்போது விளங்கும், அன்றைக்கும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. அதிகாரி உட்காரும் பக்கம் பெடல் இல்லாமல் தேர்வுக்கு விடமாட்டார்கள், அதனால் ஏழு மணிக்கே தம்பி பட்டறையைத் திறந்து மறுபடியும் பொருத்தினான். தேய்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ரப்பர் மாட்டினான். அதன் மேல் நடுவாக ஒரு வட்ட வெள்ளைத் தாள், கடைக்காரர்கள் எண் எழுதி ஒட்டுவது. உரிக்கப் போனான். நேரமாகிறது, விடு என்று அவனைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தேன்.

தேர்வு மைதானம் சேறும் சகதியுமாகக் கிடந்தது. அதிகாரி அதே ஆள்தான், பெரிய கறுப்பு ஷூ, சிரிப்பென்றால் என்ன என்று கேட்கும் முகம். சிஸ்டரைப் பார்த்ததும், "திரும்பவுமா?" என்று ஒரு பார்வை பார்த்தார். சிஸ்டர் அவரைப் பார்க்கவேயில்லை.  குடையைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றேன். பெரியம்மா முனகிக்கொண்டு கிளம்பினாள்.

வளைவுகளைத் தாண்டினார். மேட்டில் நிறுத்தி எடுத்தார். வழுக்குகிற அந்தக் கிளட்சை வைத்துக்கொண்டு வண்டி ஓரடிகூடப் பின்னால் உருளவில்லை. சந்துக்குள் ஒரே தடவையில் நுழைந்தார். நான் வேலிக் கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று அப்புறம் கையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கடைசிக் கட்டம் வெளித் தெரு. தெரு முனை வரை போய்த் திரும்பி வர வேண்டும். திரும்பி வரும்போது, தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு ஓர் ஆள் மழைக்குப் பயந்து குறுக்கே ஓடினார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. அந்த ஆளுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு மனிதர் படுக்கலாம், அவ்வளவு இடம். ஆனால் நிறுத்தினது யார்? விளக்கு எரிவதைப் பார்த்தால் தெரியாது. சிஸ்டர் மிதித்தாலும் எரியும், அதிகாரி மிதித்தாலும் எரியும். என் காலோ வேலிக்கு இந்தப் பக்கம் சேற்றை ஓங்கி மிதித்து, முழங்கால் வரை தெறித்திருந்தது.

வண்டி உள்ளே வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். ஒன்றும் சொல்லாமல் கட்டடத்துக்குள் போனார். நான்கு தடவையும் அவர் இப்படித்தான் போயிருக்கிறார். சிஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் குடையை வீசிவிட்டு ஓடினேன். அவரை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துக் கதவைத் திறந்து, மழையில் மண்டி போட்டுத் தலையை உள்ளே விட்டேன்.

தரை விரிப்பு முழுக்க அந்தப் பெரிய ஷூவின் சேறு அப்பிக் கிடந்தது. பெடலின் மேல், வட்ட வெள்ளைத் தாள் ஒரு பொட்டுச் சேறில்லாமல் அப்படியே இருந்தது.

"நீங்கதான் சிஸ்டர்" என்றேன். "நீங்கதான் நிறுத்தியிருக்கீங்க."

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியாது என்ற தைரியம். கால் மணி நேரத்தில் அதிகாரி லைசென்ஸ் தாளோடு வந்தார். அதை நீட்டும்போது, வார்டில் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டது சிஸ்டர்தானா என்று கேட்டார். ஆமாம் என்றார் சிஸ்டர். நான்கு தடவை வாய் திறக்காமல் தோற்கடித்த ஆள், வாசல் வரை வந்து கை கூப்பிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை லைசென்ஸைக் காட்டிவிட்டு, வேலை உறுதியாகிவிட்டது என்று சிஸ்டர் போன் செய்தபோது நான் பட்டறையில் இருந்தேன். தம்பி பட்டியலை மறுபடியும் நீட்டினான். மனம் பொறுக்காமல் அவனே கேட்டான், அடுத்த வருடமும் இப்படி ஒரு சலுகை வரும், அதுவரை ஒப்பேற்றிக் கொடுக்கட்டுமா, இல்லை எல்லாவற்றையும் முழுதாக மாற்றட்டுமா என்று.

"முழுசா மாத்துடா. புது வண்டி வாங்கினாலும் இதே காலோடதான அதுலயும் போய் உக்காருவேன். முதல்ல இது சரியாகட்டும்."

எதைச் சொல்கிறேன், வண்டியையா காலையா என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். வேலையை ஆரம்பிக்கும் முன், பழக்க தோஷத்தில் குனிந்து, பெடலில் ஒட்டியிருந்த அந்த வெள்ளைத் தாளை நகத்தால் உரிக்கப் போனான். கையிலேயே ஒன்று போட்டேன்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பெரியம்மா இப்போது முனகுவதில்லை, கண்ணாடி தானாக ஏறி இறங்குகிறது, முகத்துக் கீறலை மட்டும் நான் பூசவிடவில்லை. இதற்குள் முப்பத்தோரு பேர் ஓட்டிப் பழகிவிட்டார்கள். தினமும் மாலை வண்டியை நிறுத்திவிட்டு, குனிந்து என் பக்கத்து பிரேக்கைப் பார்த்துக்கொள்கிறேன். தாள் இன்னும் இருக்கிறது. கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது, ஓர் ஓரம் கசங்கியிருக்கிறது. அந்த ஓரம், குறுக்கே ஓடிய ஒரு நாய்க்குட்டிக்காக நான் மிதித்தது. மற்றபடி, எல்லாரும் அவரவர் காலால்தான் நிறுத்தினார்கள்.